இரண்டு மில்லிமீட்டரில் ஒரு மரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஜேம்ஸ் வாட் பழுதுபார்த்த மாதிரி எஞ்சினைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். நான் கோவையில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறடி லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பழகிய கை. இப்போது சிறிய மேசை லேத் ஒன்று வாங்கி வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கிறேன். சிறுவயதில் மேட்டுப்பாளையத்தில் பார்த்த மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை, நிஜமான நீராவியில் ஓடும்படி, 45 மி.மீ. தண்டவாளத்துக்குச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மீட்டர் பாதை என்பதால் 22.5-இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

பெரிய உறுப்புகள் வந்துவிடுகின்றன. சிறியவைதான் படுத்துகின்றன. 2 மி.மீ. கம்பியைக் கடைந்தால் நுனி ஓர் அளவும் அடி ஓர் அளவுமாக வருகிறது. ஒரு வழியாக முடித்து அறுக்கும்போது உறுப்பு தெறித்து எங்கோ போய்விடுகிறது. துளைக்குள் மரை வெட்டும் டேப் உடைந்து வெண்கலத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இத்தனை வருடம் கற்றது கையை விட்டுப் போய்விட்டதோ என்று வருத்தமாக இருக்கிறது.

பெரிய லேத்தின் விதிகள் சிறியதற்குப் பொருந்தாதா? அசல் எஞ்சினின் வரைபடத்தை அப்படியே 22.5-ஆல் வகுத்துவிடலாமா? சிறிய உறுப்புகளைக் கணினி இயக்கும் சி.என்.சி. பட்டறையில் கொடுத்துவிடலாமே தாத்தா என்கிறான் பேரன். உங்கள் கருத்து என்ன?

இப்படிக்கு,
கோவை வாசகர் ஒருவர்

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கை எதையும் மறக்கவில்லை. பெரிய லேத் இத்தனை காலம் சத்தமில்லாமல் செய்து வந்த ஒரு வேலையைச் சின்ன லேத் உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பம்ப் ஷாஃப்டை லேத்தின் பிடியான சக்கில் மாட்டி இறுக்கினால் அது வைத்த இடத்தில் நிற்கும். அதை எப்படிப் பிடிப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எப்படி வெட்டுவது என்பதுதான் பேச்சு. 2 மி.மீ. உறுப்பில் வெட்டுவது சில விநாடி வேலை. எதில் பிடிப்பது, எந்த வரிசையில் செய்வது, எப்போது விடுவிப்பது என்பதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. சிற்றுறுப்புகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

கம்பி வளைவதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்குகிறது. விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்கு. 40 மி.மீ. ஷாஃப்டையும் 2 மி.மீ. கம்பியையும் ஒரே நீளத்துக்குச் சக்கிலிருந்து நீட்டி வைத்தால், ஒரே விசைக்குக் கம்பி 1,60,000 மடங்கு அதிகமாக வளையும். நீளத்தின் பங்கோ மூன்றாம் அடுக்கு. நீட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தை நாம் மாற்ற முடியாது, எஞ்சின் கேட்கும் அளவு அது. நீட்டம் நம் கையில் இருக்கிறது.

ஆகவே 4 மி.மீ. கம்பியிலிருந்து 2 மி.மீ. உறுப்பைக் கடையும்போது, உங்கள் பழக்கத்துக்கு நேர்மாறான ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை ஓட்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கம்பி மெலிந்துகொண்டே போகும். கடைசி ஓட்டத்தில் ஒல்லிக் கம்பி டூலின் முன்னால் விலகி நெளியும். நீங்கள் சொல்லும் நுனி ஓர் அளவு, அடி ஓர் அளவு அங்கேதான் பிறக்கிறது. ஒரே ஓட்டத்தில் 4-இலிருந்து 2-க்கு இறங்குங்கள். டூல் வெட்டும் இடத்துக்குப் பின்னால் முழு 4 மி.மீ. தடிமனும் நின்று தாங்கிக்கொண்டிருக்கும். மெலிந்த பகுதியின் மேல் விசையே விழாது. நீளமான உறுப்பென்றால் கொஞ்சம் நீட்டிக் கடைந்து, மறுபடி கொஞ்சம் நீட்டிக் கடையுங்கள். சுவிட்சர்லாந்தில் கடிகார உறுப்புகளுக்காக 1870-களில் உருவான லேத்துகள் இந்த ஒரே எண்ணத்தில் எழுந்தவை. அவற்றில் டூல் நீளவாக்கில் நகராது. கம்பியே ஒரு வழிகாட்டி வளையத்தின் வழியாக டூலை நோக்கி வந்துகொண்டிருக்கும், டூலுக்கும் பிடிக்கும் இடையே கம்பிக்கு வளைய இடமே இராது.

இதற்கு டூல் கத்திபோல் கூராக இருக்க வேண்டும். பெரிய வேலைக்கு வாங்கிய கார்பைடு இன்செர்ட்டை இதற்கு எடுக்காதீர்கள். அதன் மூக்கு உருண்டையானது. அந்த உருண்டை, உலோகத்தை வெட்டுவதோடு பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். ஹைஸ்பீடு எஃகு டூலைச் சாணை பிடித்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். டூலின் உயரம் மையத்துக்குச் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 50 மி.மீ. உருளையில் டூல் 0.1 மி.மீ. தாழ்ந்திருந்தால் வெட்டுகோணம் கால் டிகிரிகூட மாறாது. 2 மி.மீ. கம்பியில் அதே 0.1 மி.மீ. கிட்டத்தட்ட 6 டிகிரி மாற்றிவிடும்; முகத்தை மட்டமாக்கும்போது நடுவில் ஒரு சிறு முளையும் நிற்கும். சுழற்சி வேகத்துக்கு அஞ்ச வேண்டாம். பித்தளைக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகம் வேண்டுமென்றால், 2 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப்படி 9,500 சுற்றுக்கு மேல் தேவை. உங்கள் மேசை லேத் அதை எட்டாது. இருக்கும் அதிகபட்ச வேகத்தில் ஓட்டுங்கள், அதுவே இங்கே குறைவான வேகம்.

இனி பிடிப்பதற்கு வருகிறேன். ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம்: வால்வுக் கம்பியின் நுனியில் வரும் கவை. 4 மி.மீ. சதுர எஃகில் இரண்டு காதுகள், அவற்றின் குறுக்கே 1.5 மி.மீ. துளை, பின்னால் வால்வுக் கம்பி திருகி ஏறும் எம்.2 (2 மி.மீ. விட்ட) மரை. சதுரக் கம்பியிலிருந்து உறுப்பின் நீளத்துக்குத் துண்டு அறுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் அன்றைய பொழுது அதோடு போயிற்று. அந்தத் துண்டை எதிலும் பிடிக்க முடியாது. கம்பி கையகல நீளமாக இருக்கும்போதே நான்கு தாடைச் சக்கில் பிடித்து, நுனியில் வால்பகுதியைக் கடைந்து, துளையிட்டு, மரை போட்டுவிடுங்கள். லேத்திலிருந்து எடுத்த பிறகும் அது நீளக் கம்பிதான். துளையிடும் இயந்திரத்தின் வைஸில் சாவகாசமாகப் பிடித்துக் குறுக்குத் துளையைப் போடலாம். பக்கங்கள் தட்டையாக இருப்பதால் துளை கோணாது. காதுகளுக்கு வேண்டிய நீளம் விட்டு, அதற்கப்புறம்தான் அறுக்க வேண்டும்.

அறுத்தவுடன் உறுப்பு அனாதையாகிவிடக் கூடாது. அதற்கு முன்பே 10 மி.மீ. பித்தளைத் துண்டு ஒன்றின் முனையில் எம்.2 மரையோடு ஒரு முளையைக் கடைந்து வைத்திருப்பீர்கள். கவையின் வாலில் இருக்கும் மரை அந்த முளையில் ஏறி உட்காரும். இப்போது உங்கள் கையில் இருப்பது 10 மி.மீ. பித்தளை. அதை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, மெல்லிய வட்ட ரம்பத்தால் காதுகளுக்கு நடுவே பிளவு போடுங்கள். கடைசியாகக் காதுகளின் முனையை அரைவட்டமாக்க வேண்டும். கடினமாக்கிய எஃகில் செய்த இரண்டு சிறு வட்டுகளைக் காதுகளின் இருபுறமும் வைத்து, குறுக்குத் துளை வழியாக ஓர் ஊசி கோத்து, அரத்தால் ராவுங்கள். மிதமான எஃகை அரம் பிராண்டிக்கொண்டே வரும். வட்டின் விளிம்பைத் தொட்டதும் கீச்சென்று வழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் முடிந்தது. பிசிறை எடுத்து, முளையிலிருந்து கழற்றுங்கள். தொடக்கம் முதல் இந்த நொடி வரை உறுப்புக்கு ஒரு கைப்பிடி இருந்துகொண்டே இருந்தது என்பதைக் கவனியுங்கள். வரைபடத்தைப் பார்க்கும்போது, இதை எப்போது அறுத்து விடுவிக்கப்போகிறேன் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்குங்கள்.

தட்டையான சின்ன உறுப்புகளுக்கு, வால்வுத் தகடு, வாஷர் போன்றவற்றுக்கு, மரையும் இல்லை, வாலும் இல்லை. அவற்றுக்கு அரக்கு இருக்கிறது. நம் ஊர் நகை ஆசாரி பட்டறைகளில் நகையை அரக்கில் பதித்துச் செதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பியக் கடிகார வேலைக்காரர்களும் இதையே செய்தார்கள். பித்தளைத் துண்டின் முகத்தை மட்டமாகக் கடைந்து, சூடாக்கி, அரக்கைத் தடவி, உறுப்பை ஒட்டவைத்து ஆறவிடுங்கள். மெல்லிய வெட்டுக்கு அது தாங்கும். முடிந்ததும் மறுபடி சூடு காட்டினால் கழன்றுவிடும். ஒட்டியிருக்கும் மிச்சம் ஸ்பிரிட்டில் கரைந்துபோகும்.

தெறித்துப் போவதற்கு ஒரு சுலபமான வழி. துளையுள்ள உறுப்பை அறுக்கும்போது, சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு மெல்லிய கம்பியைப் பிடித்து, துளைக்குள் தொடாமல் நுழைத்து வையுங்கள். அறுந்த உறுப்பு அந்தக் கம்பியில் மாலையாக வந்து விழும். துளையில்லாத உறுப்பென்றால் பார்ட்டிங் டூலை விட்டுவிட்டு, லேத்தை நிறுத்தி, ஆசாரி ரம்பத்தால் கையாலேயே அறுத்துவிடலாம். 2 மி.மீ. அறுக்க எவ்வளவு நேரமாகிவிடும்!

டேப் உடைவதில் பாதிக் குற்றம் துளையின் அளவில் இருக்கிறது. எம்.2 மரைக்குப் பட்டியலில் 1.6 மி.மீ. துளை என்று போட்டிருக்கும். அந்தத் துளையில் மரையின் ஆழம் 92 சதவீதம் வரை வந்துவிடும். அவ்வளவு ஆழம் இங்கே தேவையில்லை. 1.7 மி.மீ. துளை போட்டால் சுமார் 70 சதவீதம். மரையின் பிடிமானம் பெரிதாகக் குறையாது, டேப்பைத் திருப்பும் முறுக்கு வெகுவாகக் குறையும். டேப்பைக் கையால் நேராகப் பிடிக்க முயலாதீர்கள். டெயில்ஸ்டாக்கில் அச்சுக்கு நேராக வழிகாட்டி வைத்து, விரல்களால் மட்டும் திருப்புங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே உடைந்து வெண்கலத்தில் நிற்கும் டேப்பை அடித்து எடுக்கப் பார்க்காதீர்கள், உறுப்பு பாழாகும். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, கண்ணாடி அல்லது மண் பாத்திரத்தில் வெந்நீரில் கரைத்து, உறுப்பை முழுக்க மூழ்க வைத்து, அடுப்பில் இளஞ்சூட்டிலேயே வைத்திருங்கள். படிகாரக் கரைசல் எஃகை மெல்ல அரித்துத் தின்னும், வெண்கலத்தையும் பித்தளையையும் விட்டுவிடும். அவசரப்படாமல் விட்டுவைத்தால் டேப் கருத்த சேறாக உதிரும். எஃகு, வார்ப்பிரும்பு உறுப்புகளில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். டேப்போடு உறுப்பும் போய்விடும்.

வரைபடத்தை வகுப்பதைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: வெளித்தோற்றத்தை வகுக்கலாம், நீராவி போகும் வழிகளை வகுக்கக் கூடாது. 22.5-ஆல் வகுத்தால் நீளம் அத்தனை பங்கு குறையும். பரப்பு 506 பங்கும், கொள்ளளவு 11,390 பங்கும் குறையும். ஆகவே ஒவ்வொரு சொட்டு நீராவிக்கும், அதைக் குளிர்விக்கும் சுவரின் பரப்பு அசல் எஞ்சினைவிட 22.5 மடங்காகிவிடுகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1763-64-இல் வாட் எதிர்கொண்டது இதைத்தான். 2 அங்குல விட்டமும் 6 அங்குல ஓட்டமும் கொண்ட நியூகமன் வகை நீராவி எஞ்சினின் சிறு மாதிரி அது. பாயிலர் போதுமானதாகத் தெரிந்தும், சில வீச்சுகளிலேயே நீராவி தீர்ந்து நின்றுவிட்டது. சின்னச் சிலிண்டரின் சுவர், உள்ளே இருக்கும் நீராவியின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது என்பதை அவர் கண்டார். பித்தளைச் சுவர் பெரிய எஞ்சின்களின் வார்ப்பிரும்பைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தியதையும் கவனித்தார். சிலிண்டரைச் சூடாகவே வைத்திருந்து நீராவியை வேறிடத்தில் குளிர்விக்கலாம் என்ற எண்ணம் 1765-இல் அவருக்கு வந்தது இந்தத் தொந்தரவிலிருந்துதான். உலகத்தை மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு, ஒழுங்காக ஓட மறுத்த ஒரு மாதிரி எஞ்சினில் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் பூரிக்கிறது. உங்களைப் போன்றவர்கள் மேசை லேத்தின் முன் நிற்பதை நான் பொழுதுபோக்கு என்று ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறையில் இதற்குப் பொருள்: சிலிண்டரைச் சுற்றி மரப்பட்டையோ வேறு வெப்பக் காப்போ போடுங்கள். குளிர்ந்து தேங்கும் நீரை வெளியேற்ற வடிகுழாய் வையுங்கள். பாயிலருக்குள் ஓடும் தீக்குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுங்கள். அசலில் 45 மி.மீ. குழாய் என்று வைத்துக்கொண்டால் வகுத்து வருவது 2 மி.மீ.; கரி படிந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1924-இல் இதைப் பற்றி ஒரு பெரும் விவாதமே நடந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற முதலெழுத்துகளில் எழுதிய ஒருவர், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் சிறு எஞ்சினும் ஒழுங்கான நிலக்கரி பாயிலர் இருந்தால் ஆளையே இழுக்கும் என்று சொல்லி, தன் 'ஆயிஷா' எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஸ்பிரிட் விளக்கில் ஓடும் பொம்மை எஞ்சின்களே சிறிய பாதைக்குப் போதும் என்றிருந்த நிலை அதன் பிறகு மாறியது.

இடைவெளிகளும் வகுபடாது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே எண்ணெய் நிற்க வேண்டும், உலோகம் சூட்டில் விரிய வேண்டும். நாம் எஞ்சினைச் சிறியதாகச் செய்திருக்கிறோம் என்பது எண்ணெய்க்குத் தெரியாது. வாட்டின் எஞ்சின்களுக்காக ஜான் வில்கின்சன் கடைந்த 50 அங்குலச் சிலிண்டரில், பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம் அளவுகூடப் பிழை இல்லை என்று வாட்டின் தொழில் கூட்டாளி போல்டன் 1776-இல் வியந்து எழுதினார். அது 1 மி.மீ.யை ஒட்டிய கனம், விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே விகிதத்தை 19 மி.மீ. சிலிண்டரில் வைத்துப் பாருங்கள்: 0.02 மி.மீ. வில்கின்சன் பெருமைப்பட்ட துல்லியத்தைத்தான் உங்கள் பின்கட்டில் நீங்களும் தேடுகிறீர்கள். துளையைச் சீராக்கும் ரீமர் போட்டுச் சிலிண்டரை முடித்து, பிஸ்டனை அதற்கேற்பக் கடையுங்கள். அளவு எண்களைத் துரத்துவதைவிட ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பது சுலபம்.

பேரனின் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். சக்கர ஆரங்கள், ஒரே மாதிரி நாற்பது திருகாணிகள் என்றால் தாராளமாகச் சி.என்.சி.க்குக் கொடுங்கள். ஆனால் மேலே சொன்ன கவையைக் கொடுத்தால், அங்கே நிரல் எழுதுபவரும் உங்களைக் கேட்கும் முதல் கேள்வி, இதை எதில் பிடிப்பது என்பதாகத்தான் இருக்கும். கணினி அந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, அது வெட்டுவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். செர்ரி ஹில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பழைய நீராவி டிராக்‌ஷன் எஞ்சின்களை 16-இல் ஒரு பங்கில், மரையாணிகள் உட்படத் தானே செய்தார். லண்டன் இயந்திரப் பொறியாளர் கழகத்தில் அவரது எஞ்சின்கள் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பேரனோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு உறுப்பையும் எப்படிப் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.

உங்கள் ஆசைக்குக் குறுக்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் வகை எஞ்சினை முதலில் தொடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்து வந்த அந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சக்கரங்களைச் சுழற்றும் இரண்டில் வேலை செய்து வரும் நீராவியே, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான பல்தண்டவாளப் பகுதியில் மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தை இயக்குகிறது. முழு அளவிலேயே சிக்கலான ஏற்பாடு அது. அதற்கு முன் நின்ற வாக்கில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்யுங்கள். இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் 10வி இதற்குப் பேர்பெற்றது: சிலிண்டர் விட்டமும் ஓட்டமும் முக்கால் அங்குலம், ஃபிளைவீல் மூன்று அங்குலம். அந்த வார்ப்புகளையே வரவழைக்க வேண்டும் என்பதில்லை, அந்த அளவில் கன்மெட்டல் கட்டியிலிருந்தே கடைந்துவிடலாம். மலை எஞ்சினில் வரப்போகும் எல்லாச் சிற்றுறுப்புகளுக்கும் அதில் ஓர் ஒத்திகை உண்டு: கவை, எக்சென்ட்ரிக், வால்வு, கிளாண்ட், கிராங்க் எல்லாமே வந்துவிடும்.

அது முதலில் காற்றில் ஓடட்டும். சிறு கம்ப்ரெஸரிலிருந்து குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, இறுக்கங்கள் தேய்ந்து பழகும் வரை ஓட்டுங்கள். ஆனால் பாயிலரை ஒருபோதும் காற்றடைத்துச் சோதிக்காதீர்கள். அழுத்திய காற்று பிளந்தால் வெடிக்கும், அழுத்திய தண்ணீர் பிளந்தால் ஒழுகும். உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இருமடங்குக்கு ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். செப்புத் தகடும் வெள்ளிப் பற்றும்தான். ஈயப்பற்று வைத்த பாயிலரில் தீ மூட்டக் கூடாது. பாதுகாப்பு வால்வையும், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியையும் பாயிலரோடு சேர்த்தே செய்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் உறுப்புகள் அல்ல அவை.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு வரைபடம் போட்டதும் எனக்கு அனுப்புங்கள். வால்வு முகத்தில் நீராவி நுழையும் துளைகளின் அகலத்தை மட்டும் இப்போது வெட்டிவிட வேண்டாம், அதைச் சேர்ந்தே கணக்குப் போடுவோம். பேரனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.